புகும் வழியும் வெளியேறும் வழியும்

ஒரு பெரிய வீட்டைத் தடுப்புச் சுவர்களாற் பிரித்துப் பல குடும்பங்களைக் குடியமர்த்துவதுண்டு. அவ்வாறே ஒரு சேவையகக் கணினியைப் பல கணினிகள் போல இயங்கச் செய்யும் முறைக்கு மெய்நிகராக்கம் என்று பெயர். இது புதியதன்று. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே இதனைச் செய்து காட்டினர்.

சம்பளக் கணக்குக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, சரக்கிருப்புக்கு ஒன்று என மூன்று சேவையகங்களை வைத்திருந்த கம்பனி, இம்முறையால் ஒன்றிலேயே மூன்றையும் நடத்தலாம். மின்சாரமும் இடமும் மிச்சமாகும். ஆயின், அந்த ஒன்று பழுதுற்றால் மூன்று வேலைகளும் ஒருங்கே நின்றுவிடும். ஆதலின், இதற்குரிய மென்பொருளைத் தெரிவு செய்தல் சிறு காரியமன்று.

தெரிவு செய்வோர் பெரும்பாலும் வேகத்தையும் விலையையுமே நோக்குவர். விலையோ மாறுந் தன்மையது. 1998இல் தோன்றிய வி.எம்.வெயார் நிறுவனத்தின் மென்பொருள் உலகெங்கும் பரவியிருந்தது. 2023 நவம்பரில் புரோட்கொம் அந்நிறுவனத்தை வாங்கிற்று. அடுத்த மாதமே, ஒருமுறை பணஞ் செலுத்தி என்றும் பயன்படுத்தத்தக்க உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. சந்தா முறை அதன் இடத்தைப் பெற்றது. பல கம்பனிகள் மாற்று வழி தேடலாயின.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. மைக்ரோசொப்ட்டின் ஹைப்பர்-வி, விண்டோஸ் சேவையக மென்பொருளுடன் சேர்ந்தே வருவது. அதனை முன்னரே வாங்கியோருக்கு ஏற்றது. 2007இல் லினக்ஸுடன் இணைக்கப்பட்ட கே.வி.எம்., திறந்த மூல மென்பொருள். அதனை அடிப்படையாகக் கொண்ட புரொக்ஸ்மொக்ஸ் வியன்னாவில் உருவானது. இவற்றுக்கு உரிமக் கட்டணமில்லை. எனினும் லினக்ஸ் அறிந்த ஊழியர் வேண்டும். அவர் இல்லாத இடத்தில் இலவசமும் செலவாகவே முடியும்.

எனவே, ஒப்பந்தத்திற் கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இதனைப் பராமரிக்கத் தெரிந்தவர் கம்பனியில் உளரா? கம்பனியின் காப்புப் பிரதி முறை இதனோடு பொருந்துமா? நாளை வேறொரு மென்பொருளுக்கு மாறவேண்டின், மெய்நிகர்க் கணினிகளைப் பெயர்த்துச் செல்ல முடியுமா?

இவற்றுக்கு விற்பனையாளரின் சொல்லை மட்டும் விடையாகக் கொள்ளலாகாது. முக்கியமற்ற ஒரு மெய்நிகர்க் கணினியைத் தேர்ந்து, காப்புப் பிரதியிலிருந்து அதனை மீட்டுப் பார்த்தல் வேண்டும். எத்தனை மணி நேரம் சென்றதெனக் குறித்தல் வேண்டும். பின் வேறொரு மென்பொருளுக்கு மாற்றி இயக்கிப் பார்த்தலும் வேண்டும். இச்சோதனைக்குச் சில நாட்களே செல்லும். இதனைச் செய்து வைத்த கம்பனி, விலை உயரும் நாளில் இருப்பதா பெயர்வதா என்பதைத் தானே தீர்மானிக்கும்.