பனிச்சாலையும் ஒரு மிச்ச நாளும்



மட்டாஞ்சேரிக் கரையில் படகேறிக் காயலைக் கடந்து எர்ணாகுளத்தில் இறங்குவோர், துணிமணி வாங்க வேண்டுமானால் நடந்தே சென்று சேரும் கடைத்தெரு பிராட்வே. அகன்ற வழி என்பது அதன் பெயருக்குப் பொருள், வழியோ குறுகியது. எதிரே வருபவருக்குத் தோளை ஒதுக்கி இடம் கொடுத்துத்தான் அங்கே நடக்க வேண்டும். அந்தத் தெருவில் ஒரு பிற்பகல், நெற்றியில் வியர்வை வழிய நின்று, நாம் கம்பளிச் சட்டை விலை பேசிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் வியப்படையவில்லை. "காஷ்மீருக்கா, மணாலிக்கா?" என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டுக் கையுறை, காலுறை, காதை மூடும் குல்லாய் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். நம் சட்டைப்பையில் பயணத் திட்டம் எழுதிய தாள் ஒன்று இருந்தது. பத்து நாட்பயணம், பத்து நாளும் நிரம்பியிருந்தன. குளிருக்கு வேண்டியவை யாவும் கிடைத்துவிட்டன என்ற மகிழ்ச்சியோடு படகுத்துறைக்குத் திரும்பினோம்.

வாங்காமல் விட்டது ஒன்று உண்டு என்பது பின்னரே நமக்கு விளங்கியது. அதனைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

கொச்சியில் குளிர்கால இரவிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. இத்தகைய ஊரில் வாழும் நமக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்? 'பனி' என்னும் நம் சொல்லையே எடுத்துக்கொள்வோம். மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்கும் துளியும் பனி. மலைப்பாதையில் கண்ணை மறைக்கும் புகைப்படலமும் பனி. இமயத்தின் உச்சியில் ஆளுயரம் குவிந்து கிடப்பதும் பனி. முன்பனி, பின்பனி என்று பருவத்துக்கே பெயர் வைத்தோம். ஆயினும் அப்பெயர்கள் குறித்தது தலையில் துண்டைப் போட்டுக்கொண்டால் தீர்ந்துபோகும் பனியைத்தான். ஜனவரியில் உதகையிலும் மூணாற்றிலும் புல்வெளி வெளுத்துக் காணப்படும்போது, பனி பெய்துவிட்டது என்று நாம் குதூகலிக்கிறோம். அது வானிலிருந்து பெய்ததன்று. தரையை ஒட்டிய ஈரம் உறைந்தது. வெயில் ஏறினால் மறைந்துவிடும். இப்படி மென்மையான பொருளுக்கும் வன்மையான பொருளுக்கும் ஒரே சொல்லை வழங்கி வந்தமையால், வெண்பனி படிந்த சாலையைக் காணும்போது நம் உள்ளத்தில் அச்சம் எழுவதில்லை, அழகுணர்ச்சியே எழுகிறது. பனியறியாத நாட்டாருக்கு முதல் இடர் இதுவே.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், ஸ்ரீநகரிலிருந்து லடாக்குக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சோஜிலா கணவாயில் ஒரு வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. சோஜிலா ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாய். பாலக்காடு மாவட்டத்திலிருந்து சென்ற பயணிகளுள் சிலரும், வண்டியை ஓட்டிய காஷ்மீர் ஓட்டுநரும் உயிரிழந்தனர். அவர்களும் நம்மைப்போல எங்கோ ஒரு கடைத்தெருவில் கம்பளி வாங்கிக்கொண்டு சென்றவர்களாகவே இருந்திருப்பர். அன்று நேர்ந்ததற்குத் தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் அச்செய்தியில் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். வண்டியை ஓட்டியவர் அந்த மலைநாட்டைச் சேர்ந்தவர். ஆகவே, உள்ளூர் ஓட்டுநரை அமர்த்திக்கொண்டால் போதும், மற்றவை அவர் பாடு என்று நாம் இருந்துவிட முடியாது.

பனியில் வண்டி ஏன் சறுக்குகிறது என்பதை முதலில் பார்ப்போம். வண்டியை நிறுத்துவது பிரேக்கு என்று நாம் எண்ணுகிறோம். பிரேக்கு நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. வண்டியை நிறுத்துவது சக்கரத்தின் ரப்பருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக்கை அழுத்தியதும் சுமார் 9 மீட்டரில் நின்றுவிடும். சக்கரங்கள் ஏறி இறுகிய வெண்பனியில் அதே வண்டி நிற்க 30 மீட்டருக்கு மேல் வேண்டும். கண்ணாடிபோல் உறைந்த பனிக்கட்டியின் மீது 60 மீட்டருக்கு மேலும் ஓடும். வண்டி அதுவே, ஓட்டுநரும் அவரே. நிற்கும் தூரம் மட்டும் ஏழு மடங்காகிவிடுகிறது.

இதன் சிறிய சாயலை நாம் கொச்சியிலேயே காணலாம். இடவப்பாதி மழையின் முதல் தூறலில், பல வாரங்களாகச் சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் நீரோடு குழைந்து வழவழப்பாகிவிடும். அன்று இருசக்கர வண்டிகள் விழுவதைப் பார்க்கிறோம். நாலு நாள் அடைமழை பெய்து சாலை கழுவப்பட்டபின் அந்த வழவழப்புக் குறைகிறது. பனிச்சாலை அப்படித் தானாகச் சீராவதில்லை. நாளுக்கு நாள் தீங்கு மிகுவதும் உண்டு. பகலில் வெயில் பட்டு மேற்பனி உருகும். மாலையில் அந்நீர் மீண்டும் உறையும். உறைந்தபின் அது வெண்மையாகவும் இராது. அடியிலுள்ள தாரின் கருமையைக் காட்டிக்கொண்டு, ஈரச்சாலைபோலத் தோன்றும். மலையின் நிழல் விழும் வளைவுகளிலும், அடியில் காற்றோடும் பாலங்களின் மேலும் இக்கண்ணாடிப் பனி முந்தி உறைந்து, பிந்தி உருகும். கடுங்குளிரில் உள்ள பனிக்கட்டியைவிட, உருகும் நிலையை ஒட்டிய ஈரப் பனிக்கட்டியே மிகுதியாக வழுக்கும். ஆதலால், வெயில் வந்துவிட்டது, இனி அஞ்ச வேண்டுவதில்லை என்று கிளம்புவது பேதைமையாகும்.

பனிநாட்டு ஓட்டுநர் கைக்கொள்ளும் முறைகளையும் அறிந்துகொள்வோம். அவர் எதனையும் திடீரென்று செய்வதில்லை. வேகங்கூட்டல், திருப்பல், நிறுத்தல் மூன்றும் மெல்ல நிகழ வேண்டும். முன் வண்டிக்கும் தம் வண்டிக்கும் இடையே, வழக்கமாக விடும் இரண்டு மூன்று விநாடித் தொலைவுக்குப் பதிலாக, எட்டுப் பத்து விநாடித் தொலைவு விடுகிறார். இறக்கம் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாறிக்கொண்டு, எஞ்சினின் இழுப்பாலேயே வண்டியை அடக்குகிறார். சறுக்கத் தொடங்கினால் முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிட்டு, பள்ளத்தைப் பாராமல், செல்ல வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கை நிதானமாகத் திருப்புகிறார். நம் சமவெளி ஓட்டுநரின் கால் இதற்கு நேர்மாறாகப் பழகியது. அச்சம் வந்தவுடன் அது பிரேக்கை மிதித்துவிடும். இருபது ஆண்டு அனுபவம் உள்ள கால், பனியில் இருபது ஆண்டுத் தவறான பழக்கம் உள்ள காலாகிவிடுகிறது.

கருவிகளும் உண்டு. வண்டியை இழுக்கும் சக்கரங்களில் இரும்புச் சங்கிலி பூட்டினால் பனியைக் கவ்விப் பிடிக்கும். சங்கிலியோடு மெதுவாகவே செல்ல வேண்டும். தங்மார்கிலிருந்து குல்மார்குக்கு ஏறும் சாலையில், பனி பெய்த நாட்களில் சங்கிலி பூட்டாத வண்டிகளைத் தடுத்து நிறுத்துவது வழக்கம். குளிர்கால டயர்கள் என்று தனியே உண்டு. நம் டயரின் ரப்பர் குளிரில் விறைத்துப்போக, அவற்றின் ரப்பர் நெகிழ்ந்தே இருக்கும். கொச்சியில் ரேடியேட்டரில் ஊற்றிய வெறும் தண்ணீர் மலைமேல் உறைந்தால், பருமன் பத்தில் ஒரு பங்களவு பெருகி எஞ்சினையே பிளந்துவிடக்கூடும். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகும் இறுகிக் குழாயை அடைக்கும். இதன்பொருட்டே, மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனிவகை டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019ஆம் ஆண்டில் லடாக்குக்கென வெளியிட்டது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி நம்மிடம் உள்ளது என்று சிலர் பெருமை கொள்வர். அவ்வண்டி பனியில் புறப்படுவதற்கும் ஏறுவதற்கும் உதவும்; நிற்பதற்கு உதவாது.

ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. வழியில் அகப்பட்டுக்கொண்டால் இருக்கவும் தெரிய வேண்டும். 2022ஆம் ஆண்டு ஜனவரியில், பாகிஸ்தானின் முர்ரி என்னும் மலையூரில், பனிப்பொழிவைக் கண்டு களிக்கச் சமவெளி மக்கள் ஆயிரக்கணக்கான வண்டிகளில் ஏறிச் சென்றனர். இரவில் பனி கொட்டி வழிகள் அடைபட்டன. குழந்தைகள் உள்ளிட்ட இருபதுக்கு மேற்பட்டோர் வண்டிக்குள்ளேயே மாண்டனர். குளிர் ஒரு காரணம். நச்சுப்புகை மற்றொரு காரணம் என்று கூறப்பட்டது. கதவுகளை அடைத்துக்கொண்டு வெப்பத்துக்காக எஞ்சினை ஓடவிடுகிறோம். வெளியே புகைக்குழாயின் வாயைப் பனி மூடிவிடுகிறது. கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வண்டிக்குள் திரும்புகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்தைப் போலவே வந்து உயிரைக் கொண்டுபோகும். ஆகவே, பனியில் சிக்கியவர் முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிடாமல், மணிக்கொரு முறை பத்து நிமிடம் மட்டும் ஓட்டி, அப்போது ஒரு கண்ணாடியைச் சிறிது திறந்துவைக்க வேண்டும். இந்த ஒரு செய்தியையேனும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பனியறியாமை ஏழை நாட்டுக்கோ நம் நாட்டுக்கோ மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அட்லாண்டா நகரில் 2014 ஜனவரி 28ஆம் நாள் இரண்டு மூன்று அங்குலப் பனியே பெய்தது. அவ்வளவில் மாநகரம் அசைவற்று நின்றது. பனி தொடங்கியதும் அலுவலகத்தாரும் பள்ளிகளும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் புறப்பட்டமையால் சாலைகள் நிரம்பின. உப்பும் மணலும் தூவும் வண்டிகள் நுழைய வழியில்லாமற்போயிற்று. ஆயிரக்கணக்கான குழந்தைகள் அன்றிரவு பள்ளிகளிலும் பேருந்துகளிலும் தங்க நேர்ந்தது. அங்கே பனியைவிடப் பெருந்தீங்கு செய்தது, எல்லோரும் ஒருங்கே புறப்பட்டதே.

நம் நாட்டில் 2020 அக்டோபரில் ரோதாங் மலையின் அடியில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் 9 கிலோமீட்டர். முன்பு குளிர்காலத்தில் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டிருந்த லாஹௌல் பள்ளத்தாக்கு மக்களுக்கு அது பெரும் பேறு. அதே வழி, சமவெளி வண்டிகளையும் ஒரே நாளில் உறைபனிக்குக் கொண்டுபோய் விடுகிறது. 2024 டிசம்பர் இறுதியில், சோலங்குக்கும் அச்சுரங்கத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் வண்டிகள் பனியில் சிக்கி நின்றன. காவல் துறையினர் இரவெல்லாம் நின்று அவற்றை மீட்டனர். வழி எளிதாயிற்று, பனி எளிதாகவில்லை.

இப்பொழுது நம் சட்டைப்பையில் இருந்த தாளுக்கு வருவோம். பத்து நாட்பயணம், பத்து நாளும் நிரம்பிய திட்டம் என்றோம் அல்லவா? பிராட்வேயில் நாம் வாங்காமல் விட்டது ஒரு மிச்ச நாள். நாளைக்கு விமானம், இன்றைக்குக் கணவாய் என்று திட்டமிட்டவர்கள், மேகம் கறுத்தாலும் புறப்பட்டே ஆக வேண்டும். பின்னிருக்கையில் அமர்ந்து, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று நாம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் முன்னிருக்கையில் உள்ளவரின் காலில் சுமையாக ஏறுகிறது. அவர் பிழைப்புக்காக ஓட்டுபவர். விருந்தினரின் மனம் கோணுமே, கூலி குறையுமே என்று, போகக் கூடாதென அறிந்த வழியிலும் போகத் துணியலாம். பனிநாட்டாரின் அறிவிற் பெரும்பகுதி, எப்படிப் போவது என்பதைவிட எப்போது போகாதிருப்பது என்பதில் அடங்கியிருக்கிறது. அந்த அறிவை அவர் பயன்படுத்துவதற்கு நாம் இடங்கொடுக்க வேண்டும்.

ஆகவே, காலையில் வண்டி ஏறுமுன், "எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம்?" என்று கேட்பதை விடுத்து, "அண்ணா, இன்று போகலாமா?" என்று கேட்போம். வேண்டாம் என்று அவர் சொன்னால், அந்த நாளுக்குரிய கூலியை மனமுவந்து கொடுத்துவிட்டு, தேநீர் அருந்திக்கொண்டு சன்னலோரம் அமர்ந்து பனி பெய்வதைப் பார்ப்போம். நாம் காண விரும்பிச் சென்றதும் அந்தப் பனியைத்தானே!

அந்தப் பயணத்தில் பத்து நாளுள் இரண்டு இடங்களை அடித்துவிட்டு, ஒரு நாளை வெறுமையாக வைத்துக்கொண்டே நாம் சென்றோம். மூன்றாம் நாள் சாலை அடைபட்டபோது அந்த வெற்று நாள் நமக்குக் கை கொடுத்தது. காணாது விட்ட இடங்கள் இரண்டும் அங்கேயே இருக்கின்றன, மறுமுறை காணலாம். வீட்டில் காத்திருந்தோர் படகுத்துறைக்கு வந்து நம்மை எதிர்கொண்டனர். பிராட்வேயில் வாங்கிய கம்பளிச் சட்டைகள் இப்போது பெட்டியில் உறங்குகின்றன. அடுத்த குளிர்காலத்தில் அவற்றை இரவல் கேட்டு வரும் உறவினர்க்கு, சட்டையோடு இந்தச் சொல்லையும் சேர்த்துக் கொடுக்க எண்ணியுள்ளோம்.