பணிவிடை செய்யும் கைகள்

சேரப்பணஞ்சேரிப் பக்கம் ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கி ஒரகடம் கம்பெனிகளுக்குச் செல்கிறீர்கள். ஒருவன் நோயில் படுத்தால் தாயும் தாதியும் நீங்கள்தான்.

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா பரவியது. பேராம்பிரா அரசு மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி அதே நோயில் இறந்தார். ஆஸ்பத்திரியில் உடனிருந்த உறவினர்களையும் அது விடவில்லை.

"ஐவேளை ஒளுச் செய்கிறோமே" என்பீர்கள். ஒளு தொழுகைக்கு; கிருமிக்கு சோப்பும் வேண்டும். வாந்தி, மலம் துடைத்தபின்னும், அவனுக்குக் கஞ்சி ஊட்டுமுன்னும் நகக்கண், விரலிடுக்கு வரை 40 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். அவன் துண்டும் டம்ளரும் தனியாக இருக்கட்டும்.

வியாபாரிகளே, பள்ளிவாசல் குழாயடியில் (ஹவுளுக்குள் அல்ல!) சோப்பு தீராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.