எவருக்கு எந்தச் சுருதி?
(நெளுக்குளத்தில் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சங்கீத பாடத்தில் நாம் முதலில் மனனம் செய்தவை வரைவிலக்கணங்கள். சுருதி, ஸ்வரம், ஸ்தாயி, தாளம், லயம், இராகம். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையின் அறிமுறை வினாத்தாளிலும் க.பொ.த. சாதாரண தரத்திலும் அவற்றை எழுதிப் புள்ளி பெற்றோம். இன்று அவற்றுட் சிலவற்றைப் பொருளோடு திரும்பிப் பார்க்க விரும்புகிறோம். காரணம் உண்டு. எம்மிற் பலர் “எனக்குச் சுருதி சேராது” என்று சொல்லிப் பாட்டைக் கைவிட்டவர்கள்.

சுருதி என்பது பாடுவதற்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் ஒலி. அதை ஆதார ஷட்ஜம் என்போம். மேலைத்தேய இசைக்குழுவினர் செக்கனுக்கு 440 அதிர்வுகள் என்ற பொது அளவுக்கு வாத்தியங்களைச் சேர்ப்பார்கள். நமது முறையில் ‘ஸ’ எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பாடுபவரின் குரல் தீர்மானிக்கிறது. ஆண்கள் பொதுவாக ஒன்று, இரண்டு கட்டையிலும் பெண்கள் நாலரை முதல் ஆறு கட்டை வரையிலும் பாடுவார்கள். பெண்களுக்குள்ளேயே இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

இங்கேதான் ஸ்தாயியின் பொருளும் விளங்கும். மந்தரம் கீழ், மத்தியம் நடு, தாரம் மேல். கீழே மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்துக்கும் மேலே தார ஸ்தாயிக் காந்தாரத்துக்கும் தொண்டையை வருத்தாமல் போய்வர முடிந்தால், அந்தப் பிள்ளைக்கு அந்தச் சுருதி பொருந்தும்.

நம் வகுப்புகளை நினைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே சுருதிப்பெட்டி, ஒரே கட்டை. சிலருக்கு அது உயரம், சிலருக்குத் தாழ்வு. மேல் ஷட்ஜத்தில் குரல் உடைந்த பிள்ளை தனக்குச் சங்கீதம் வராது என்று முடிவு கட்டிவிட்டாள். அரைக் கட்டை இறக்கியிருந்தால் அவள் பாடியிருக்கக்கூடும். சுருதி சேர்தல் என்பது ஆதார ஒலியோடு குரலை இணைத்தல். அது கேட்டுக் கேட்டுப் பழகுவது. ‘ஸ’வும் ‘ப’வும் மாறாத பிரகிருதி ஸ்வரங்கள், மற்ற ஐந்தும் இராகத்துக்கேற்ப வேறுபடும். ஆகவே முதலில் ‘ஸ’, ‘ப’ இரண்டிலும் குரலை நிறுத்திப் பழகினால் மற்றவை வழிக்கு வரும்.

தாளமும் லயமும் ஒன்றென்று நினைப்போரும் உண்டு. தாளம் என்பது கையால் எண்ணும் அளவு. ஆதி தாளத்தில் ஒரு லகு, இரண்டு திருதம். நான்கு, இரண்டு, இரண்டாக எட்டு அட்சரம். அந்த எண்ணிக்கை விரையாமலும் தளராமலும் ஒரே சீராகச் செல்வது லயம். இரண்டாங் காலம் பாடும்போது கை வேகம் கூடக்கூடாது. ஓர் அட்சரத்துக்குரிய ஸ்வரங்களே இரட்டிக்கும். இடம்பெயர்ந்த காலங்களில் வீணையையும் சுருதிப்பெட்டியையும் விட்டுவிட்டு நடந்தோம். தாளம் மட்டும் கையோடு வந்தது.

சகோதரிகளே, இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் எங்கள் பேரப்பிள்ளைகள் திரைக்கு முன்னாலிருந்து சரளி வரிசை பாடுகிறார்கள். அவர்கள் தடுமாறினால் உடனே குறை சொல்லாமல், கட்டையை மாற்றிப் பாடச் சொல்லிப் பாருங்கள். நூற்றாண்டு நினைவாகச் சங்கீத அறைக்கு ஏதும் வழங்க எண்ணுவோர், கட்டையை மாற்றிக்கொள்ளக்கூடிய சுருதிப்பெட்டிகளைத் தந்துதவுங்கள்.

சுவாமி விபுலானந்தர் 1947இல் வெளிவந்த ‘யாழ்நூ’லில் ஆராய்ந்த பழந்தமிழ் ஏழிசையில் முதலாவதன் பெயர் குரல். அடுத்து வருவன துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். பாட்டைக் கைவிட்ட சகோதரிகள் இன்று மாலை நடைபெறும் சேர்ந்திசையில் எங்களோடு வந்து நிற்க வேண்டும். உங்களுக்கு ஏற்ற கட்டையிலேயே தொடங்குவோம்.