அம்மாயி வீட்டுக் கோடையும் செட்டிகுளத்துக் கதைகளும்



நாட்டார் கதை எங்கே வாழ்கிறது என்று கேட்டால், சிற்றூரில் என்று விடை கூறுவது வழக்கம். அவ்விடை முற்றும் பொருந்துவதன்று. சிற்றூரிலும் ஆண்டு முழுவதும் கதை பேசப்படுவதில்லை. களையெடுப்பும் அறுவடையும் நெருக்கும் நாள்களில் கதை சொல்ல எவர்க்கும் ஓய்வில்லை. பள்ளிகள் மூடி, மானாவாரிக் காடுகள் வெறுமையாய்க் கிடக்கும் சித்திரை, வைகாசித் திங்களில்தான் கதைக்குக் களம் வாய்த்தது. பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்துச் செட்டிகுளமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இதற்குச் சான்றாகும்.

செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்ற ஊர். பட்டறையில் காத்த விதை வெங்காயத்தை நிழலில் கொட்டி, அழுகலை நீக்கித் தெரிந்தெடுக்கும் வேலைக்குக் கைதான் வேண்டும், வாய்க்கு வேலையில்லை. அம்மாயி நடுவில் அமர, பேரப்பிள்ளைகள் சுற்றி அமர்வார்கள். சிறுவாச்சூருக்கு வாழ்க்கைப்பட்ட பெரியம்மாவின் மக்கள், பாடாலூருக்குப் போன சித்தியின் மக்கள், துறையூர்ப் பக்கத்து மாமன் மக்கள் என்று பல ஊர்ப் பிள்ளைகளும் கூடுமிடம் அதுவே. ஆணின் கதை பெரும்பாலும் பிறந்த ஊரிலேயே தங்கிவிடும். பெண்ணின் கதை அவளோடு மணமேறி வேற்றூர் சென்று, அவ்வூர்ப் பேச்சும் மரமும் சாமியும் கலந்து, கோடைதோறும் தாய்வீட்டுக்குத் திரும்பும். ஆகவே அம்மாயி வீட்டுத் திண்ணையில் ஒரு கதையைச் சொல்லத் தொடங்கினால், "எங்க ஊர்ல அப்படி இல்ல, அம்மாயி" என்று ஒரு குரல் எழாமல் இராது. அந்த மறுப்புதான் இங்கே கருதத்தக்கது.

கொழுக்கட்டைக் கதையை அறியாதார் இலர். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன், பெயர் மறவாதிருக்க அதனையே சொல்லிக்கொண்டு வருகிறான். வழியில் ஒரு பள்ளத்தைத் தாண்டுகையில் "அத்திரிபாச்சா" என்கிறான். அதன்பின் கொழுக்கட்டை போய் அத்திரிபாச்சாவே வாயில் நிற்கிறது. மனைவியிடம் அதைச் செய்து தரக் கேட்டு அடிக்க, அவள் நெற்றி கொழுக்கட்டை போல் வீங்கிய பின்னரே சொல் நினைவுக்கு வருகிறது. அடிபட்ட பெண்ணை வைத்துச் சிரிக்கும் கதை என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் வழியில் சொல் மாறுவதைப் பற்றிய அக்கதையே ஊருக்கு ஊர் மாறி வழங்குகிறது. பள்ளம் ஓரிடத்தில் வாய்க்காலாகும். தாண்டும்போது எழும் ஒலியும் வேறாகும்.

தெய்வக் கதைகளிலும் இவ்வாறே. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்கள், வெள்ளி ஆகிய கிழமைகளில் திறக்கும் வழக்கமுடையது. ஏனைய நாள்களில் அம்மன் எங்கே என்பது குழந்தைகள் விடாது கேட்கும் கேள்வி. முன்பு அவ்விடத்தில் இருந்தவள் செல்லியம்மன் என்றும், மந்திரவாதி ஒருவனிடம் அவள் அடங்கியிருந்தாள் என்றும், மதுரையிலிருந்து வந்த காளி இரவு தங்க இடங்கேட்டு அவனை அழித்தாள் என்றும், செல்லி பெரியசாமி மலைக்குப் போனாள் என்றும் கூறுவர். வந்தவள் கண்ணகியே என்பது ஒரு சாரார் வழக்கு. ஆதிசங்கரரைத் தொடர்புறுத்துவது இன்னொரு வழக்கு. செட்டிகுளத்து மலையில் கரும்பேந்தி நிற்கும் தண்டாயுதபாணிக்கும் கதையுண்டு. கடம்பவனத்தில் சோழனுக்கும் பாண்டியனுக்கும் சிவலிங்கம் இருந்த இடத்தைக் காட்டி மறைந்த கரும்புக் கிழவர் அவரே என்பர். இவற்றுள் எது மெய் என்று தீர்ப்பது திண்ணையின் வேலையன்று. அங்கே எல்லாமும் நின்றன.

புளியமரத்து முனி, உச்சிவேளைக் கிணற்றடிப் பேய் முதலியவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவார் உளர். கைப்பிடிச் சுவரில்லாத ஆழ்கிணறுகள் நிறைந்த வட்டாரத்தில், பெரியவர்கள் கண்ணயரும் நடுப்பகலில் குழந்தையைத் தடுத்து நிறுத்தியது அந்தப் பேய்தான். சாதி எல்லையைக் காத்த பேய்களும் இருந்தன. அவற்றுக்காக எவரும் இரங்க வேண்டா.

கடல் கடந்த பிலிப்பைன்சிலும் ஏப்ரல், மே மாதங்களே நெடுங்காலம் கோடை விடுமுறையாக இருந்தன. அங்கும் நகரத்துப் பிள்ளைகள் பாட்டியின் சிற்றூருக்குச் செல்வர். புற்றில் வாழும் குள்ளக் கிழவனை மிதித்துவிடாதிருக்க, "தாபி தாபி போ" என்று வழிவிட வேண்டிக்கொண்டு நடக்கக் கற்பர். ஆலின் இனமாகிய பலேட்டே மரத்தில் புகையிலை பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் 'காப்ரே' நம் முனிக்கு உறவினன் போலவே தோன்றுகிறான். அந்நாட்டுக் கதைகளை டாமியானா யூஜீனியோ என்னும் பேராசிரியை 1980-களில் தொடங்கித் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்.

தமிழில் இப்பணி பிந்தியதன்று. நடேச சாஸ்திரி 1884-இலேயே தென்னிந்தியக் கதைகளை ஆங்கிலத்தில் அச்சேற்றினார், கி. ராஜநாராயணன் கரிசல் மண்ணின் கதைகளைப் பேச்சின் சுவை கெடாமல் தந்தார். குறை வேறிடத்தில் உள்ளது. குடும்பத்தில் ஒரு பிள்ளை, இரு பிள்ளை என்றானபின் பெரியம்மா மக்களும் சித்தி மக்களும் அருகினர். எஞ்சிய விடுமுறையையும் தனிப்பயிற்சி வகுப்புகள் கொண்டன. கதை முற்றும் மறைந்துவிடவில்லை. கோயில் வாயிலில் விற்கும் சிறு நூலில் ஒரே வடிவமாக இருக்கிறது. அதனை மறுத்துப் பேசும் பிள்ளைதான் இல்லை.

2021-இல் பெரியசாமி மலைக் கோயிலின் பழஞ்சிலைகள் உடைக்கப்பட்டன. சிலையை மீண்டும் சமைக்கக் கைவினைஞர் உளர். அதன்மேல் வழங்கிய மூன்று நான்கு கதை வடிவங்களை அறிந்த பெண்கள் எண்பதைக் கடந்தவர்கள். அவர்களிடம் கேட்டெழுதுவோர் கதைக்கு அடியில் ஊர்ப்பெயர் மட்டும் இட்டு நிறுத்துவது போதாது. சொன்னவள் எவ்வூரில் பிறந்தாள், எவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டாள், யார் வாயிலாகக் கேட்டாள் என்பனவும் வேண்டும். கூட இருந்த நாத்தனாரோ ஓரகத்தியோ குறுக்கிட்டு மறுத்திருந்தால், அந்த மறுப்பையும் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.