பொனேருக்குப் பன்னிரண்டு பேர்



கரிபியன் கடலின் தென்கோடியில், வெனிசுவேலாவின் கரையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி, பொனேர் என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. பரப்பளவு 288 சதுர கிலோமீட்டர். தலைநகரம் கிராலண்டைக். அந்தத் தீவின் மேற்குக் கரையோரச் சாலையில் போகிறவர்களுக்கு, வழியெங்கும் மஞ்சள் வண்ணம் பூசிய கற்கள் தென்பட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். அத்தனையும் கடலுக்கடியில் இருக்கும் டைவிங் இடங்களின் பெயர்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு, நடந்தே கடலுக்குள் இறங்கிவிடலாம். படகு தேவையில்லை. தீவைச் சுற்றி இப்படிப் பெயரிட்ட இடங்கள் எண்பதுக்கும் மேல். அவற்றில் ஐம்பதுக்கும் அதிகமானவற்றுக்குக் கரையிலிருந்தே போகலாம்.

ஒரு குழுவாகச் சேர்ந்து கரிபியனில் ஸ்கூபா டைவிங் செய்ய நினைக்கிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டிய தீவு இது. காரணம் அழகு மட்டும் என்றால் கரிபியனில் அழகான தீவுகளுக்குக் குறைவில்லை. குழு என்று வரும்போது வேறு ஒரு சிக்கல் தலைதூக்குகிறது. பன்னிரண்டு பேர் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நூற்றுக்கணக்கான முறை கடலுக்குள் இறங்கியவர். இன்னொருவர் போன மாதம்தான் பயிற்சி முடித்தவர். ஒருவருக்குக் கேமரா இருந்தால் போதும், ஒரே பாறையின் முன் அரை மணி நேரம் நிற்பார். மற்றொருவருக்கு நீந்திக்கொண்டே இருக்க வேண்டும். எல்லோரையும் ஒரே படகில் ஏற்றி, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இறக்கினால் பாதிப் பேருக்கு அலுப்பு, மீதிப் பேருக்குப் பதற்றம். பொனேரில் அந்த நெருக்கடி இல்லை. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, தங்களுக்கு ஏற்ற இடத்தில், தங்களுக்கு ஏற்ற நேரத்தில் இறங்கலாம். மாலையில் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்த்ததைப் பேசிக்கொள்ளலாம்.

இதற்கு இயற்கையும் கைகொடுக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அங்கே கிழக்கிலிருந்து வணிகக் காற்று வீசும். தீவே அந்தக் காற்றுக்கு மறைப்பாக நிற்பதால் மேற்குப் பக்கக் கடல் அமைதியாக இருக்கும். கிழக்குக் கரை நேர்மாறு. அங்கே அலை சீறும். புதியவர்களை அந்தப் பக்கம் கூட்டிப்போகவே கூடாது.

மனிதர்கள் செய்த நல்ல காரியமும் உண்டு. 1962-இல் வலேரி குவீன் என்ற பாய்மரக் கப்பலில் அமெரிக்கர் ஒருவர் இங்கே வந்து சேர்ந்தார். பெயர் டான் ஸ்டூவர்ட். தீவு மக்களுக்கும் டைவர்களுக்கும் அவர் கேப்டன் டான். 2014-இல் இறக்கும்வரை தீவின் பவளங்களுக்காக வாதாடியவர். படகுகள் நங்கூரம் போட்டால் பவளம் நொறுங்கும் என்பதால், நிரந்தர மிதவைகளில் கட்டும் பழக்கத்தை வலியுறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். 1971-இல் ஈட்டி வைத்து மீன் குத்துவது தடை செய்யப்பட்டது. 1979-இல் கடல் பூங்கா அமைந்தது. கரையில் நீர் எட்டும் மேல்மட்டத்திலிருந்து 60 மீட்டர் ஆழம்வரை, தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் அந்தப் பூங்காவுக்குள் அடங்கும். ஸ்தினாபா என்ற அமைப்பு அதை நிர்வகிக்கிறது. கடலில் இறங்குகிற ஒவ்வொருவரும் இயற்கைக் கட்டணம் கட்ட வேண்டும். இதையும் செலவுக் கணக்கில் முதல் நாளே சேர்த்துவிடுவது நல்லது. அந்தப் பணம்தான் பவளங்களைக் காக்கிறது என்பதால், கட்டுகிறவர்கள் மனமுவந்தே கட்டலாம்.

சரி, திட்டம் எங்கே தொடங்க வேண்டும்? பெரும்பாலான குழுக்கள் விமான டிக்கெட்டிலிருந்து தொடங்குகின்றன. அது தவறான முனை. வருகிறவர்கள் யார் என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதிலும் குறிப்பாக, அனுபவம் குறைந்தவர் யார் என்பதிலிருந்து.

ஒவ்வொருவரிடமும் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். என்ன சான்றிதழ் வைத்திருக்கிறார்? கடைசியாக எப்போது இறங்கினார்? உடம்புக்கு ஏதாவது உண்டா? ஓப்பன் வாட்டர் எனும் அடிப்படைச் சான்றிதழ் உள்ளவர் 18 மீட்டர்வரை போகலாம். அட்வான்ஸ்டு முடித்தவர் 30 மீட்டர்வரை. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. அந்த ஆழத்தில் இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் நான்கு மடங்கு காற்று செலவாகிறது. நைட்ரஜனும் அதே வேகத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வரும்போது அது மெல்ல வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் உடம்புக்குள் குமிழிகள் உண்டாகும். மூட்டு வலியில் தொடங்கி முடக்கம்வரை கொண்டுபோகும் அந்த நிலையைத்தான் டைவர்கள் பெண்ட்ஸ் என்கிறார்கள். ஸ்காட்லாந்து உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை வைத்து ஆராய்ந்து, எந்த ஆழத்திலிருந்து எப்படிப் படிப்படியாக மேலே வர வேண்டும் என்ற அட்டவணையை 1908-இல் வெளியிட்டார். இன்று கையில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டர் கணக்குப் போடும் வழிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

மருத்துவப் படிவத்தை ஊரிலேயே நிரப்பிவிட வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, நுரையீரல் அல்லது காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று படிவம் வரிசையாகக் கேட்கும். ஏதாவதொன்றுக்கு "ஆம்" என்று எழுதினால் மருத்துவர் கையெழுத்து தேவைப்படலாம். அது தெரியாமல் பல ஆயிரம் மைல் பறந்து வந்து, டைவ் ஷாப்பின் கவுன்டரில் நின்று மருத்துவரைத் தேடுவது எவ்வளவு பெரிய ஏமாற்றம்! உண்மையை மறைத்து "இல்லை" என்று எழுதுவது அதைவிட மோசம். அது கூட இறங்குகிறவரின் உயிரையும் பணயம் வைக்கும் காரியம். குழுத் தலைவர் இதைக் கூச்சமில்லாமல் பேசியாக வேண்டும்.

காப்பீடும் அப்படித்தான். சாதாரணப் பயணக் காப்பீடுகளில் டைவிங் விபத்து அடங்குமா என்பதைப் பத்திரத்தைப் படித்துத்தான் உறுதி செய்ய வேண்டும். டைவர்களுக்கென்றே தனிக் காப்பீடுகள் உண்டு. 1980-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான டான் (DAN) என்ற டைவர்கள் அமைப்பு அவசர ஆலோசனையும் தருகிறது. கிராலண்டைக் மருத்துவமனையில் பெண்ட்ஸுக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இருக்கிறது. ஒரு சின்னத் தீவில் அந்த வசதி இருப்பதும் குழுக்கள் பொனேரைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம்.

எப்போது போவது? பொனேர் கரிபியனின் வழக்கமான சூறாவளிப் பாதைக்குத் தெற்கே இருக்கிறது. அதனால் மற்ற தீவுகள் அஞ்சும் மாதங்களிலும் இங்கே திட்டமிட முடிகிறது. ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1999-இல் லென்னி, 2008-இல் ஒமர் என்ற சூறாவளிகள் தொலைவில் சென்றபோதே மேற்கிலிருந்து பேரலைகளை அனுப்பி, அமைதியான அந்தப் பக்கத்துப் பவளங்களை உடைத்தன. டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை கூட்டமும் விலையும் அதிகம். செப்டம்பர், அக்டோபரில் வெயில் கடுமை. ஆனால் முழுநிலவுக்குப் பிந்தைய சில இரவுகளில் பவளங்கள் முட்டையையும் விந்தையும் நீரில் விடும் அற்புதத்தைப் பார்க்க வாய்ப்பு உண்டு. கடல்நீர் ஆண்டு முழுவதும் 26 முதல் 29 டிகிரி வெப்பத்தில் இருக்கும். மெல்லிய வெட்சூட் போதும்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் சில அமெரிக்க நகரங்களிலிருந்தும் நேரடி விமானங்கள் உண்டு. தீவு 2010 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. ஆனாலும் ஷெங்கன் பகுதிக்குள் வராது. விசா விதிகள் வேறு. ஒவ்வொருவரும் தம் கடவுச்சீட்டுக்கு ஏற்ப நெதர்லாந்துத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். செலாவணி அமெரிக்க டாலர். அறை, பிக்-அப் வண்டி, சிலிண்டர் மூன்றையும் சேர்த்து ஒரே தொகையாக வாங்கும் விடுதிகள் நிறைய இருக்கின்றன. நான்கு பேருக்கு ஒரு வண்டி என்று வைத்தால் பன்னிரண்டு பேருக்கு மூன்று. பணத்தைச் சேர்க்கிறவர் ஒருவர், டைவ் ஏற்பாட்டைப் பார்க்கிறவர் வேறொருவர் என்று பொறுப்பைப் பிரித்துவிட்டால் நட்பு பிழைக்கும். இடையில் ஒருவர் விலகினால் அவர் கட்டிய முன்பணம் என்னவாகும் என்பதையும் அப்போதே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும்.

தீவில் இறங்கிய முதல் நாள் யாரும் நேராகக் கடலுக்கு ஓட முடியாது. பூங்கா விதிகளை விளக்கும் வகுப்பில் உட்கார வேண்டும். பிறகு ஆழமில்லாத இடத்தில் ஒரு சோதனை டைவ். அனுபவசாலிகளுக்கும் இது கட்டாயம். கை உறை அணியத் தடை. வெறுங்கையாக இருக்கிறவர் எதையும் பிடிக்கத் தயங்குவார், பவளம் தப்பும். இந்தச் சோதனை டைவை நேர விரயமாக நினைக்கக் கூடாது. யாருக்கு எடைக் கட்டு சரியாக இருக்கிறது, யார் நிலையாக மிதக்கிறார், யாருடைய சிலிண்டர் சீக்கிரம் தீர்கிறது என்று குழுத் தலைவருக்கு அப்போதுதான் தெரியும். ஜோடி சேர்க்க வேண்டியது அதை வைத்துத்தான். கணவன் மனைவி, பள்ளித் தோழர்கள் என்று உறவை வைத்து ஜோடி சேர்ப்பதைவிட, மூச்சின் அளவையும் ஆர்வத்தையும் வைத்துச் சேர்ப்பது பாதுகாப்பு. கேமராக்காரருக்குப் பொறுமையான துணை. முதல் முறை கடலுக்கு வருகிறவருக்கு, வேடிக்கை பார்ப்பதை ஒத்திவைத்து அவரையே கவனிக்கும் அனுபவசாலி. சிலிண்டரில் 200 பார் காற்றோடு இறங்கி, 50 பார் மிச்சத்தோடு மேலே வர வேண்டும் என்ற கணக்கை ஒவ்வொரு ஜோடியும் கரையிலேயே பேசிவிட வேண்டும்.

ஹில்மா ஹூக்கர் என்ற கப்பலைப் பற்றிச் சொல்லாமல் பொனேரைப் பற்றிப் பேச முடியாது. 72 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல். 1984-இல் பழுதாகிக் கிராலண்டைக்கில் வந்து நின்றது. அதிகாரிகள் சோதனை போட்டபோது உள்ளே ஒளித்து வைத்திருந்த 11,000 கிலோவுக்கும் அதிகமான கஞ்சா சிக்கியது. உரிமையாளர் யாரும் தேடி வரவில்லை. கப்பல் கசிந்துகொண்டே இருந்தது. துறைமுகத்தில் மூழ்கினால் வழி அடைபடும் என்று அப்பால் இழுத்துப்போய் நிறுத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி, இரண்டு பவளத்திட்டுகளுக்கு இடையே மணலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மூழ்கியது. இப்போது அதன் மேல்பகுதி 18 மீட்டரிலும் அடிப்பகுதி 30 மீட்டரிலும் கிடக்கிறது.

குழுவில் எல்லோருக்கும் அங்கே போக ஆசை இருக்கும். அடிப்படைச் சான்றிதழ் உள்ளவர் மேல்விளிம்பை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியவர். "எல்லோரும் போகிறார்களே, நாமும் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம்" என்ற எண்ணம்தான் குழுப் பயணத்தின் மிகப்பெரிய ஆபத்து. இதற்கு இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. தீவிலேயே பயிற்சியாளரிடம் அட்வான்ஸ்டு படிப்பை முடித்துவிட்டு வாரக் கடைசியில் கப்பலுக்குப் போகலாம். இல்லையென்றால் அந்த நாளில் வேறு இடத்துக்குப் போகலாம். உப்புக் கப்பல்கள் நிற்கும் சால்ட் பியரின் தூண்களுக்கு அடியில், கடற்பஞ்சுகளுக்கு நடுவே, ஆழமில்லாத நீரிலேயே மீன் கூட்டங்களைப் பார்க்கலாம். கப்பல் நிற்கும் நாட்களில் மட்டும் அங்கே அனுமதி இல்லை. தௌசண்ட் ஸ்டெப்ஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. படிகள் ஆயிரம் இல்லை, நூறுகூடத் தேறாது. ஆனால் இருபது கிலோவுக்கு மேல் முதுகில் சுமந்து ஏறுகிறவருக்கு ஆயிரமாகத்தான் தோன்றும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதை விட்டுவிட்டு, ஒரு நாள் எல்லோருமாகப் படகு பிடித்து எதிரிலிருக்கும் ஆளில்லாத கிளைன் பொனேருக்குப் போகலாம்.

கடைசி நாள் பற்றிய கணக்கைத் திரும்பும் டிக்கெட் எடுக்கும்போதே போட்டுவிட வேண்டும். பல நாட்கள் தொடர்ந்து இறங்கியவர்கள், கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது டான் அமைப்பின் வழிகாட்டுதல். விமானத்துக்குள் அழுத்தம் குறைவதால் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகலாம். பக்கத்துத் தீவான குராசாவோவுக்குச் சின்ன விமானத்தில் தாவினாலும் அதுவும் விமானம்தான். ஒரு முழு நாளைக் கரைக்கு ஒதுக்குவதே பாதுகாப்பு. அந்த நாளுக்குத் தீவில் பஞ்சமில்லை. தெற்கே உப்பளங்களில் ஃபிளமிங்கோக்கள் நிற்கும். அங்கேயே 1850-இல் கட்டிய, குனிந்து நுழைய வேண்டிய அடிமைக் குடிசைகள் இருக்கின்றன. உப்பு வெட்டியவர்கள் இரவில் படுத்த இடம் அது. கரிபியனின் டச்சு காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது 1863-இல்தான். வடக்கே வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவும், 241 மீட்டர் உயரமுள்ள பிரண்டாரிஸ் குன்றும் உண்டு. டைவ் முடித்த கையோடு அந்தக் குன்றில் ஏறுவது மட்டும் கூடாது. கடும் உழைப்பு குமிழிகளைத் தூண்டும்.

கரைக்கு ஒதுக்கிய அந்த நாளிலேயே முடிக்க வேண்டிய இன்னொரு வேலையும் இருக்கிறது: டைவ் சாமான்களை அலசுவது. 2014-இல் ஃபுளோரிடாவில் முதலில் தென்பட்ட ஒரு நோய், கற்பவளங்களின் சதையை உரித்துக் கொல்கிறது. 2023-இல் அது பொனேருக்கும் வந்துவிட்டது. பல நூற்றாண்டு வளர்ந்த மூளைப்பவளங்கள் சில வாரங்களிலேயே வெள்ளை எலும்பாகிவிடுகின்றன. அதனால் டைவ் சாமான்களைக் கிருமிநாசினியில் நனைத்து அலசும்படி பூங்கா நிர்வாகம் கேட்டுக்கொண்டது. வெட்சூட், பிசிடி என்ற மிதப்புச் சட்டை, ரெகுலேட்டர், ஃபின்ஸ் எல்லாவற்றையும் ஒவ்வொரு ஜோடியும் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுதாக உலர்த்திய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். இதற்குக் குழுவில் ஒருவரைப் பொறுப்பாளராகப் போட்டு, பன்னிரண்டு பேரின் சாமானும் அலசப்பட்டதா என்று பட்டியலில் அடையாளமிடச் சொல்லிவிட்டால், ஈரத்தோடு எந்தப் பெட்டியும் மூடப்படாது.