இரண்டாம் பாகமும் இரங்கற்பாவும்



இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் பேய்ப்படங்களைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். போர்க்களத்துக் குருதியிலும் நிணத்திலும் பேய்கள் கூழ் அட்டதைப் பரணியாகப் பாடிய செயங்கொண்டாரை நாம் ஒதுக்கவில்லை. எனவே பேய் நமக்கு அயலன்று. நான் எழுப்ப விழையும் வினா ஒன்றே: முதற்படைப்பு வென்றபின் வரும் இரண்டாம் பாகத்தை மக்கள் எதைக்கொண்டு அளக்கின்றனர்?

1931இல் யுனிவர்சல் நிறுவனம் 'டிராகுலா'வை வெளியிட்டது. இரத்தம் உறிஞ்சும் பிரபுவாக நடித்த பேலா லுகோசி உலகப் புகழ் பெற்றார். 1936இல் 'டிராகுலாவின் மகள்' வந்தது. அதில் லுகோசி நடிக்கவில்லை. கிளோரியா ஹோல்டன் ஏற்ற மகள் பாத்திரம் தந்தையின் உடலை நெருப்பிலிடுகிறது, சாபம் நீங்கிற்று என நம்புகிறது, நீங்கவில்லை. தந்தையின் நிழலில் வைத்தே பார்க்கப்பட்ட அப்படத்தைப் பிற்காலத் திறனாய்வாளர்கள், தன் இயல்பிலிருந்தே விடுதலை தேடித் தவிக்கும் ஒரு பெண்ணின் கதையாகப் புதிதாக வாசித்தனர். முதற்பாகத்தில் இல்லாத ஒன்று அதில் இருந்தமையே அதனை வாழவைத்தது.

நம் நாட்டிற்கு வருவோம். 1993இல் பாசில் இயக்கிய மலையாள 'மணிச்சித்திரத்தாழ்', 2004இல் பி. வாசுவின் இயக்கத்தில் கன்னட 'ஆப்தமித்ரா' ஆயிற்று. 2005இல் அவரே அதனைத் தமிழில் 'சந்திரமுகி' ஆக்கினார். சென்னை சாந்தி திரையரங்கில் அது 800 நாள்களைக் கடந்து ஓடிய செய்தி நாமறிந்ததே. 2010 பிப்ரவரியில் 'ஆப்தமித்ரா'வின் தொடர்ச்சியாக 'ஆப்தரட்சகா' வெளிவந்தது. அதன் நாயகர் விஷ்ணுவர்தன் 2009 டிசம்பர் 30 அன்றே மறைந்துவிட்டார். கன்னட மக்கள் அரங்குகளில் திரண்டனர்; படம் பெருவெற்றி கண்டது. அவர்கள் கண்டது பேயை மட்டுமன்று, தாம் இழந்த கலைஞரையும் கண்டனர். அதே கதையை அதே இயக்குநர் அதே ஆண்டின் டிசம்பரில் தெலுங்கில் 'நாகவல்லி' எனத் தந்தார். அங்கு அந்த வரவேற்பு கிட்டவில்லை. கதை ஒன்றுதான், கொண்டுவந்த நெஞ்சங்கள் வேறு.

2023 செப்டம்பர் 28 அன்று 'சந்திரமுகி 2' வந்தது. இயக்குநர் அவரே. நடித்தவர்கள் ராகவா லாரன்சும் கங்கனா ரணாவத்தும். வழக்கமாக முரண்படும் விமரிசகரும் பொதுமக்களும் இம்முறை பெரும்பாலும் ஒரே தீர்ப்பு வழங்கினர்: பழைய அரண்மனை, பழைய அறை, பழைய சினம், அச்சம் மட்டும் வரவில்லை. முதற்படத்தில் வேட்டையன் அந்த நாட்டியப் பெண்ணை உயிரோடு தீக்கிரையாக்கினான் என்று கேட்டபோது நாம் நடுங்கினோம். அதே தீயை மீண்டும் மூட்டிக் காட்டியபோது நடுங்கவில்லை. தீ குறைந்துவிடவில்லை. அதைச் சொன்னவர் முன்பு சொன்னதையே நம்பி இளைப்பாறிவிட்டார்.

இதை இந்த ஊரில், இந்த மேடையில் ஏன் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

நம்மைச் சூழ்ந்திருப்பவை பட்டாசுத் தொழிலகங்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் பலர் மாண்டனர். அப்போது நான் ஓர் இரங்கற்பா எழுதினேன். வாசித்தபோது அவையினர் கலங்கினர், நானும் கலங்கினேன். பின்னொரு விபத்துக்கு மீண்டும் எழுதினேன். கருகிய மலர், அணைந்த விளக்கு, தீபாவளிக்கு ஒளி தந்தவர் வீட்டில் இருள் என, முன்பு கைகொடுத்த உவமைகளே வந்து அமர்ந்தன. கைத்தட்டலும் வந்தது. கூட்டம் கலைந்தபின், மருந்து செலுத்தும் வேலை பார்க்கும் ஓர் அம்மையார் என்னிடம் வந்து, "ஐயா, போன தடவ படிச்சதத்தான இப்பவும் படிச்சீக? செத்தது வேற ஆளுக இல்லையாய்யா?" என்றார்.

அந்த வினாவுக்கு என்னிடம் அன்றும் விடையில்லை, இன்றும் இல்லை. நான் எழுதியது முதற்கவிதையின் இரண்டாம் பாகம். இறந்தவர் எந்த அறையில் என்ன வேலை செய்தார், அன்று காலை வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் புறப்பட்டார் என்று நான் கேட்கவில்லை. என் பழைய வெற்றியையே மீண்டும் வாசித்தேன்.

அவையில் ஒருவரும் அதை எடுத்துரைக்கவில்லை என்பதும் எண்ணத்தக்கது. திரைப்படத்தின் இரண்டாம் பாகம் சலித்தால் சலித்தது என்று கூசாமல் சொல்கிறோம். நம் வட்டத்துக் கவிஞரின் இரண்டாம் தொகுப்பு சலித்தால் "அருமை" என்று சொல்லிப் பொன்னாடை போர்த்துகிறோம். அம்மையார் எனக்குச் செய்த நன்மையை நாம் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளவில்லை.

அன்பர்களே, நாளை தொடங்குவது நம் வட்டத்தின் இரண்டாம் பத்தாண்டு. அதுவும் ஓர் இரண்டாம் பாகமே. முதற்பாகத்தில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்தாலன்றி அதனை யாரும் ஏற்கப்போவதில்லை. அடுத்த கூட்டத்திற்கு அந்த அம்மையாரை அழைத்திருக்கிறேன். அவர் முன்னிலையில் முதலில் வாசிக்கப்போவது நான். குறையிருந்தால் அவரும் சொல்லட்டும், நீங்களும் சொல்லுங்கள்.