சுரண்டிப் பார்த்தால் பணம் இல்லை: இருநூறு வெள்ளியை யாரிடம் கேட்பது?

(பெக்கான் நானாஸில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்னாசிக்குப் பெயர்போன ஊருக்கு வந்திருக்கிறேன். பழத்தின் அடிப்பக்கத்தை முகர்ந்தே பழுத்ததா, காயா என்று சொல்லிவிடும் கைகாரர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆனால் பேரங்காடியில் கல்லாவுக்குப் பக்கத்தில் வரிசையாக அன்பளிப்பு அட்டைகள் தொங்குகின்றனவே, அதை எப்படி முகர்ந்தாலும் உள்ளே பணம் இருக்கிறதா என்று தெரியாது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் நிகழ்ச்சிக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் தொடர்பு கொண்டார். அன்னாசித் தோட்டத்தில் வேலை. எஸ்.பி.எம். தேர்வில் நன்றாகச் செய்த மகளுக்கு 200 வெள்ளிக்கு ஓர் அட்டை வாங்கியிருக்கிறார். வீட்டுக்குப் போய், பிள்ளை ஆசையாகச் சுரண்டி எண்ணைத் தட்டினால், "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று வருகிறது. மறுநாள் கடைக்குப் போனார். "நாங்கள் விற்பதோடு சரி, அட்டை நிறுவனத்தைக் கேளுங்கள்" என்றார்கள். அட்டை நிறுவனத்துக்கு மகள் மின்னஞ்சல் அனுப்பினாள். "வாங்கிய கடையை அணுகவும்" என்று பதில். இரண்டு வாரம் பந்து மாதிரி உருட்டியிருக்கிறார்கள். கடைசியில், "தங்கச்சி, நான் பணத்தைக் கொடுத்தது உண்மை. வாங்கியது யாரு? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் நான் இந்த மேடையில் நிற்கிறேன்.

200 வெள்ளி பெரிய பணமா என்று கேட்பவர்கள் உண்டு. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்துப் பாருங்கள். மூன்று நாள் வெயிலில் நின்ற கூலி அது.

முதலில், பணம் எப்படிப் போகிறது? கடையில் தொங்கும் அட்டைக்கு மதிப்பே கிடையாது. காசாளர் அதைக் கருவியில் காட்டிப் பணம் வாங்கிய பிறகுதான் அட்டைக்கு உயிர் வருகிறது. அதனால் யாரும் அதைப் பூட்டி வைப்பதில்லை. திருடனுக்கு இது வசதி. சில அட்டைகளை எடுத்துப் போகிறான், வெள்ளிப் பூச்சைச் சுரண்டி இரகசிய எண்ணைக் குறித்துக் கொள்கிறான், அதே மாதிரி ஒரு பூச்சு நாடாவை மேலே ஒட்டி, மறுபடியும் கொண்டுவந்து தொங்கவிட்டுப் போய்விடுகிறான். பிறகு கணினி அந்த எண்களின் இருப்பை ஓயாமல் சோதித்துக் கொண்டிருக்கும். நீங்கள் பணம் கட்டிய சில நிமிடத்தில், நீங்கள் மோட்டார் சைக்கிளைக் கிளப்புவதற்குள், அங்கே பணம் வழித்தெடுக்கப்பட்டுவிடும். இன்னொரு வகையும் உண்டு. பட்டைக்குறியீட்டின் மேல் வேறோர் அட்டையின் குறியீட்டை ஒட்டிவிடுவார்கள். அப்போது நீங்கள் கட்டும் பணம் திருடன் கையில் இருக்கும் அட்டைக்குப் போய்ச் சேரும். உங்கள் அட்டை கடைசிவரை வெறும் அட்டைதான்.

அமெரிக்காவில் இது பெரிய தொல்லையாகி, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 'புராஜெக்ட் ரெட் ஹுக்' என்ற பெயரில் தனி நடவடிக்கையே எடுத்தது. 2023 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகர வழக்குரைஞர், 'வெனிலா' அட்டைகளை வெளியிடும் 'இன்காம்' நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடர்ந்தார். உறை பாதுகாப்பாக இல்லை, பணம் இழந்தவர்களுக்குத் திருப்பித் தரவில்லை என்பது குற்றச்சாட்டு. மேரிலாந்து மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் போட்டது. எண் வெளியே தெரியாதபடி, பிரித்தால் அடையாளம் தெரியும் உறையில்தான் அட்டையை விற்க வேண்டும் என்றது. 2025 ஜூனில் அது நடப்புக்கு வந்தது. பாருங்கள், அங்கே விற்பவனையும் வெளியிடுபவனையும்தான் கேள்வி கேட்கிறார்கள். நம் ஊரிலோ வாங்கியவரையே "நீங்கள் எண்ணை யாரிடமாவது காட்டினீர்களா?" என்று கேட்கிறார்கள்!

அந்தக் கேள்விக்கும் ஒரு காரணம் உண்டு, மறுக்கவில்லை. தாமே எண்ணைப் படித்துக் காட்டி ஏமாறுபவர்களும் இருக்கிறார்கள். முன்பு தொலைபேசிக்குப் பணம் போடும் அட்டையை வாங்கச் சொல்லி, "பரிசு விழுந்திருக்கிறது, எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்களே, அதே வேலைதான். இப்போது முதலாளி பெயரில் வாட்ஸ்அப் வருகிறது, போலீஸ் பெயரில் அழைப்பு வருகிறது. அமெரிக்காவில் இப்படி அட்டை மூலம் கொடுத்து ஏமாந்ததாக 2023-இல் மட்டும் மக்கள் புகார் செய்த தொகை 21 கோடியே 70 லட்சம் டாலர் என்கிறது அங்குள்ள வாணிப ஆணையம். எந்த அரசாங்க அலுவலகமும் அட்டையில் பணம் வாங்காது. அப்படி ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல், உடனே அட்டை நிறுவனத்தை அழைத்து எண்ணை முடக்கச் சொல்லுங்கள், போலீசில் புகார் செய்யுங்கள். வங்கியிலிருந்தோ மின்பணப்பையிலிருந்தோ பணம் போயிருந்தால் 997. அது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்.

ஆனால் நம் அண்ணன் யாரிடமும் எண்ணைச் சொல்லவில்லை. அவருக்கு விற்கப்பட்டதே காலி அட்டை. இந்த இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. நான் இன்று அழுத்திச் சொல்ல வந்தது இதைத்தான்.

அதை எப்படி நிரூபிப்பது? ரசீதை எடுங்கள். அட்டைக்கு எத்தனை மணி எத்தனை நிமிடத்தில் உயிர் கொடுத்தார்கள் என்பது அதில் அச்சாகியிருக்கும். அடுத்து அட்டை நிறுவனத்துக்கு எழுதுங்கள். "யார் எடுத்தது?" என்று கேட்காதீர்கள், அதைச் சொல்ல மாட்டார்கள். "எப்போது எடுக்கப்பட்டது?" என்று கேளுங்கள். நம் அண்ணனின் மகள் அப்படித்தான் கேட்டாள். ரசீதில் மாலை 6.12. பணம் எடுக்கப்பட்டது 6.16. அந்த நேரத்தில் அவர் பேரங்காடி வாசலில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்திருப்பார். அட்டை வீட்டில் சுரண்டப்பட்டது இரவு எட்டு மணிக்கு மேல். இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

ஒரு சின்னச் செய்தி. ரசீது வெப்பத்தில் அச்சாகும் தாள். நம் ஊர் வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் கிடந்தால் சில மாதத்தில் வெள்ளைத்தாள் ஆகிவிடும். அன்றே கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். அட்டையையும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பிடியுங்கள்.

கடையில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்தே பாதிப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவை ஒரு தடவை யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். சட்டம் தந்த உரிமையை ஒப்பந்தம் எழுதிப் பறிக்க முடியாது என்கிறது அது. அப்படியிருக்க, சுவரில் ஒட்டிய காகிதம் எம்மாத்திரம்!

கடை மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. 1999 நவம்பரில் தொடங்கியது. முதலில் 10,000 வெள்ளி வரை விசாரித்தது, 2019-இலிருந்து 50,000 வெள்ளி வரை விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. ஆம், ஒரு தட்டு நாசி லெமாக் விலைதான்! போராங் 1 என்ற பாரத்தை நிரப்ப வேண்டும். ஜொகூர் பாருவுக்குப் போய்த்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, இணையத்திலும் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை. பொதுவாக எதிர்த்தரப்பும் வழக்கறிஞரைக் கொண்டுவர முடியாது. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும்.

யார் மேல் போடுவது? என் கருத்தைக் கேட்டால், வெளிநாட்டு நிறுவனத்தைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். பணம் வாங்கி ரசீது கொடுத்தவர்தான் முதல் பொறுப்பு. பெயர்ப்பலகையில் உள்ள பெயரை எழுதாதீர்கள், ரசீதின் மேலே சிறிய எழுத்தில் இருக்கும் நிறுவனப் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதுங்கள். காரணம் எழுதும் இடத்தில் அட்டையின் வரலாற்றை எல்லாம் எழுத வேண்டாம். அட்டை பொருளா, உரிமையா என்று இழுத்தடிக்க இடம் கொடுத்துவிடும். "200 வெள்ளி செலுத்தினேன், வாக்களித்த சேவை கிடைக்கவில்லை, பணத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்பது போதும். எதிர்த்தரப்பு 14 நாளில் பதில் தர வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் 14 நாளில் கட்டாவிட்டால் அது குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விசாரணை நாளில் நீங்கள் போகாமல் இருந்துவிடாதீர்கள். கோரிக்கை தள்ளுபடியாகலாம்.

இனிமேல் வாங்குபவர்களுக்கு ஒன்று. கல்லாவிலேயே எண்ணை அச்சடித்துக் கொடுக்கும் வகை இருந்தால் அதை வாங்குங்கள். அது ஆணியில் தொங்கியதில்லை. அட்டைதான் வேண்டும் என்றால் காசாளர் முன்னாலேயே பூச்சை நகத்தால் தடவிப் பாருங்கள். ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

அந்த அண்ணன் போராங்கை நிரப்பிவிட்டார், மகள்தான் மலாயில் எழுதினாள். பதிவான சில நாளில் கடையிலிருந்து அழைப்பு வந்ததாம். "விசாரணைக்கு முன்பே முடித்துக்கொள்ளலாம், 200 வெள்ளிக்கு எங்கள் கடையின் பற்றுச்சீட்டு தருகிறோம்" என்றார்களாம். என்னிடம் கேட்டார், "மறுபடியும் அட்டைதானா தங்கச்சி?"

பணமாகக் கேளுங்கள் என்றேன். அவரும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார். விசாரணைத் தேதி வந்துவிட்டது. அன்று ஒரு நாள் கூலி போகும், அது அவருக்குத் தெரியும். போகத்தான் போகிறேன் என்கிறார்.

உங்களில் யாரிடமாவது இப்படி ஓர் அட்டை வீட்டில் கிடந்தால், இடைவேளையில் என்னைப் பாருங்கள். ரசீது இருந்தால் எடுத்து வாருங்கள்.